தானாகத் திருத்தும் கருவி: ஜூன் குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

ஏஜென்ட் (நிரல் எழுதும் ஏஐ) ஒரு வரி எழுதுகிறது, லின்டர் (நிரலில் குறை தேடும் கருவி) அதை அழிக்கிறது, ஏஜென்ட் திரும்ப அதையே எழுதுகிறது. காலையிலிருந்து இதுதான் ஓடுகிறது. முதல் திருத்தத்தில் கோப்பின் மேலே இம்போர்ட்டை, அதாவது வேறிடத்து நிரலை வரவழைக்கும் வரியை, சேர்க்கிறது. அதைப் பயன்படுத்தும் வரி அடுத்த திருத்தத்தில்தான் வரும். அதற்குள் ஹூக் (ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின் லின்டரைத் தானாக ஓட்டுவது) புகுந்து, விதி எஃப்401, பயன்படாத இம்போர்ட் என்று துடைத்துவிடுகிறது. அடுத்த நிமிடம் எஃப்821, அந்தப் பெயரே எங்கும் இல்லை என்று புகார். ஏஐ செலவைக் கணக்கிடும் டோக்கன் கரைந்துகொண்டே இருக்கிறது.

கால் வீக்கம் குறையவில்லை.

ஜூன் 4, புதன்

சரி, வழி கிடைத்துவிட்டது. வேலை நடக்கும்போது எஃப்401-ஐத் திருத்தவே கூடாது. வேலை முழுதும் முடிந்த பிறகு பயன்படாத இம்போர்ட்டுகளை ஒரே தடவை குப்பை போலக் கூட்டித் தள்ளினால் போதும். தம்பி "அக்கா, இவ்வளவுதானா?" என்றான். இவ்வளவுதான்.

ஜூன் 6, வெள்ளி

ஸ்கேன். குழந்தையைச் சுற்றித் தண்ணீர் போதுமாம். வரிசையில் உட்கார்ந்து எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் பற்றி மறுபடி படித்தேன். நிரல் பிழைகளைத் தானே சரிசெய்யும் ஏஜென்ட், பிரின்ஸ்டன் பல்கலைக்காரர்கள் 2024-இல் செய்தது. ஏஜென்ட் கோப்பை மாற்றிய உடனேயே லின்டரை ஓட்டி, நிரலின் இலக்கணத்தில் பிழை இருந்தால் அந்த மாற்றத்தையே ஏற்காமல் திருப்பி அனுப்புவார்கள். இவர்கள் எதையும் திருத்திக் கொடுப்பதில்லை, பிழையைக் காட்டி "நீயே மறுபடி எழுது" என்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கு நடந்ததை விவரமாக எழுதி வைக்க வேண்டும்.

டெலிவரி ஆகாத ஆர்டர்களின் பட்டியல் சோதனைத் தளத்தில் காலியாக வந்தது. ஒரு பிழைச் செய்தி இல்லை. டெஸ்ட் எல்லாம் பச்சை. டேட்டாபேஸில் போய்ப் பார்த்தால் டெலிவரி ஆகாதவை நிறையக் கிடக்கின்றன.

காரணம் ஒரே வரி. டெலிவரி தேதி '== நன்' (மதிப்பு இல்லை) என்று இருந்ததை ஏஜென்ட் 'இஸ் நன்' என்று மாற்றியிருக்கிறது. சாதாரண பைத்தானில் இது நல்ல பழக்கம், எல்லோரும் சொல்லித் தருவது. ஆனால் எஸ்கியூஎல்ஆல்கெமியில் (பைத்தானிலிருந்து டேட்டாபேஸைக் கேட்க உதவும் நூலகம்) அந்த இரட்டைச் சமக்குறி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அல்ல, டேட்டாபேஸுக்கு அனுப்பும் எஸ்கியூஎல் நிபந்தனையை உருவாக்குவதற்கு. 'இஸ்' போட்டால் பைத்தான் அங்கேயே 'பொய்' என்று முடிவு செய்துவிடும். பொய் என்ற நிபந்தனைக்கு எந்த வரிசையும் பொருந்தாது, பட்டியல் காலி.

எங்கள் லின்டரான ரஃப் இந்த ஆபத்தை அறிந்தே வைத்திருக்கிறது. இந்த விதிக்கான திருத்தத்தைப் பாதுகாப்பற்றது என்று ஒதுக்கி, தானாகச் செய்யாது. மறைந்திருக்கும் திருத்தங்கள் உண்டு, வேண்டுமானால் இந்த ஆப்ஷனைச் சேர் என்று மட்டும் கடைசி வரியில் சொல்லும். மனிதன் அதைப் படித்து ஒரு கணம் யோசிப்பான். "எச்சரிக்கை எல்லாவற்றையும் நீக்கு" என்று சொல்லப்பட்ட ஏஜென்ட் அந்த ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டிவிட்டது. சொன்னதைத்தானே செய்தது!

தூக்கம் வரவில்லை. இடது பக்கமே படுக்கச் சொல்கிறார்கள், முடியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அம்மா வந்தாச்சு. முருங்கைக்கீரைப் பொரியல்.

ஜூன் 12, வியாழன்

அந்தக் காலிப் பட்டியல் மனதை விட்டுப் போகவில்லை. ஜென்ப்ராக் நினைவுக்கு வந்தது. நிரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று பெரிய நம்பிக்கை கொடுத்த ஆராய்ச்சி. 105 பிழைகளில் 55-ஐச் சரிசெய்ததாக 2012-இல் எழுதினார்கள். 2015-இல் எம்ஐடியில் ரினார்டின் குழு அந்தத் திருத்தங்களைத் திறந்து பார்த்தபோது உண்மையில் சரியானவை 2 பிழைகளுக்குத்தான் இருந்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை செய்ய வேண்டிய வேலையையே வெட்டி எறிந்துவிட்டு டெஸ்ட்டைத் தாண்டியவை. ஏஜென்ட்டுக்குக் கருவி செய்கிற ஒவ்வொருவரும் இதைப் படித்துவிட்டு உட்கார வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

முடிவுகள். இம்போர்ட் வரிசை, இடைவெளி, உள்ளே எந்த மதிப்பையும் நுழைக்காத எஃப்-ஸ்ட்ரிங் (மதிப்பு நுழைக்க இடம் தரும் எழுத்துச்சரம்): கேட்காமல் திருத்தட்டும். பயன்படாத மாறி வேண்டாம், வலப்பக்கம் ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டிருக்கலாம். '== நன்' சுட்டிக்காட்டினால் போதும். பாதுகாப்பற்ற திருத்தத்துக்கான ஆப்ஷன் ஏஜென்ட் கைக்கு எட்டவே கூடாது. முக்கியமாக, புதிதாக ஒரு 'நோகியூஏ' (இந்த வரியை விட்டுவிடு என்று லின்டருக்குச் சொல்லும் குறிப்பு) போட்டாலோ, எக்செப்ட் போட்டுப் பிழையை விழுங்கினாலோ ஓட்டம் நிற்க வேண்டும். அது திருத்தம் இல்லை, வாயை அடைப்பது.

ஜூன் 16, திங்கள்

மேலாளருக்கு டாஷ்போர்டில் எச்சரிக்கை 0 வேண்டுமாம், நான் விடுப்பில் போவதற்குள். முடியாது என்றேன். பூஜ்யம் கேட்டால் ஏஜென்ட் பூஜ்யம் கொடுத்துவிடும், அதுதான் பயம் என்றும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. எனக்குக் கை நடுங்கியது. கோபம்தான்.

ஜூன் 17, செவ்வாய்

தம்பி பிடித்துவிட்டான்! ஜாங்கோவில் (வலைத்தளம் கட்டும் பைத்தான் சட்டகம்), தொடக்கத்தில் ஓடும் ரெடி ஃபங்ஷனுக்குள் இருக்கும் சிக்னல்ஸ் இம்போர்ட், பார்வைக்குப் பயன்படாததுதான். ஆனால் அதை இம்போர்ட் செய்தால்தான் சிக்னல்கள் (ஒன்று நடந்தால் இன்னொன்றை ஓட்டுபவை) பதிவாகும். கடைசியாகக் கூட்டித் தள்ளும்போது அதுவும் போயிருக்கும். ஆகவே மனிதர் காரணம் எழுதிப் போட்ட 'நோகியூஏ'வை ஏஜென்ட் தொடக் கூடாது, புதிதாகவும் போடக் கூடாது. இரண்டும் வேண்டும். அவனிடம் விட்டுப் போகலாம் என்று இன்றைக்குத்தான் தோன்றியது.

ஜூன் 18, புதன்

வலி விட்டு விட்டு வருகிறது. பொய் வலி என்கிறாள் அம்மா.

பைத்தான் பக்கம் முடிந்தது. டைப்ஸ்கிரிப்ட்டுக்கான லின்டர் ஈஎஸ்லின்ட், அதன் விதிகளை இன்னும் பிரிக்கவில்லை. தம்பி, முதலில் ரியாக்ட் எஃபெக்ட்டின் சார்புப் பட்டியல் (எந்த மதிப்பு மாறினால் அது மறுபடி ஓட வேண்டும் என்பது) விதியைப் பார். விடுபட்டதை ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் எஃபெக்ட் முடிவில்லாமல் சுற்றலாம். பரிந்துரையோடு நிறுத்து. அப்புறம் இரவு ஓட்டத்தைத் திறப்பதற்கு முன்னால்