போடோனியின் மெல்லிய கோடு

ஃபேஷன் பத்திரிகை அட்டை, செண்ட் பாட்டில், நகை விளம்பரம், கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலத்தில் அச்சாகும் மணமக்கள் பெயர், எங்கே பார்த்தாலும் இந்த எழுத்து வந்துவிடும். நிமிர்ந்து நிற்கிற கோடு கன்னங்கரேலென்று தடிமனாக இருக்கும், குறுக்கே போகிற கோடு தலைமுடி மாதிரி மெலிந்திருக்கும், நடுத்தரம் என்று எதுவுமே கிடையாது. அதுதான் போடோனி. பக்க வடிவமைப்பு வேலையில் எனக்கு மிகவும் பிடித்த ஃபான்ட் இது, இதைப் பலரும் போட்டுக் கெடுப்பதைப் பார்க்கத்தான் மனசு வரவில்லை.

ஜாம்பாட்டிஸ்டா போடோனி 1740-ல் வட இத்தாலியில் பிறந்தவர். ரோமில் கத்தோலிக்கத் திருச்சபையின் அச்சகத்தில் தொழில் பழகிவிட்டு, 1768-ல் பார்மா கோமகனின் அச்சகத்தை நடத்தப் போனார். முதலில் பாரிசிலிருந்து வரவழைத்த, ஃபூர்னியே என்பவர் செய்த எழுத்துகளை வைத்துத்தான் அச்சடித்தார், அவரே வெட்டிய ஆரம்பகால எழுத்துகளிலும் அந்தச் சாயல் இருக்கும். போகப்போகத் தடிமனுக்கும் மெலிவுக்கும் உள்ள வித்தியாசம் கூடிக்கொண்டே போனது. இதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில் 1750-களிலேயே வழவழப்பான தாளையும் நல்ல கறுப்பு மையையும் வைத்து அச்சடித்துக் காட்டிவிட்டார், சொரசொரப்பான தாளில் பிசிறிப்போகும் மெல்லிய கோடு அதில் சுத்தமாக விழுந்தது. பாரிசில் ஃபிர்மான் டிடோவும் இதே வழியில் போனார், டிடோ என்ற பெயரிலும் இன்று ஃபான்ட் இருக்கிறது.

பெரிய அளவில், ஒரு 72 பாயிண்டில், கேபிடல் 'ஓ'வைப் போட்டுப் பாருங்கள். இடமும் வலமும் கனமாக இருக்கும், உச்சியிலும் அடியிலும் மிகச் சரியாக நடுவில் மெலியும். பழைய எழுத்துகளில் இந்த மெலிவு கொஞ்சம் சாய்ந்திருக்கும், சாய்த்துப் பிடித்த பேனாவின் பழக்கம் அது. போடோனியில் அந்தச் சாய்வு நிமிர்ந்துவிட்டது. செரிஃப் எனப்படும் முனைக்கோடும் வளைந்து போய்ச் சேராமல், தண்டின் காலடியில் நேராக, மெல்லிசாக நிற்கும். சின்ன 'ஏ', 'சி', 'எஃப்' முனைகளில் உருண்டையாக ஒரு பொட்டு. அவ்வளவு கறாரான எழுத்தில் அந்தப் பொட்டு ஒன்றுதான் கொஞ்சம் விளையாட்டு.

சரி, இதே எழுத்தை 9 பாயிண்டுக்குக் குறைத்துப் பத்தி பத்தியாக அடித்தால்? மெல்லிய கோடுகள் காணாமல் போய் வெறும் கறுப்புத் தண்டுகள் மட்டும் வரிசையாக நிற்கும், கண் கூசும், 'மினிமம்' மாதிரி தண்டுகள் நிறைந்த ஆங்கிலச் சொல்லில் எந்த எழுத்து எங்கே முடிகிறது என்றே தெரியாது. உடனே "போடோனி படிக்க லாயக்கில்லை" என்று சொல்லிவிடுவார்கள். போடோனி செய்தது அதுவல்ல. அவர் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் தனியாக எஃகில் பஞ்ச் (ஈய எழுத்து வார்க்கும் அச்சைக் குத்தி எடுக்க முனையில் எழுத்து செதுக்கிய முளை) வெட்டியாக வேண்டும், சின்ன அளவுக்கு வெட்டும்போது மெல்லிய கோட்டைக் கொஞ்சம் கனமாக்கி, எழுத்தை அகலப்படுத்தி, இடைவெளியும் விட்டுத்தான் வெட்டினார்கள். 1813-ல் அவர் இறந்து, அவருடைய மனைவி மார்கெரிட்டா 1818-ல் வெளியிட்ட மாதிரி எழுத்துப் புத்தகம் இரண்டு தொகுதி, அதில் அளவுக்கு அளவு எழுத்து மாறிக்கொண்டே போகும். பார்மாவில் உள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் அந்த எஃகு பஞ்ச்கள் 25,000-க்கும் மேல் இருக்கின்றன. கம்ப்யூட்டர் வந்தபோது பலரும் ஒரே ஓவியத்தை எடுத்து எல்லா அளவுக்கும் சுருக்கி விரித்தார்கள், கெட்ட பெயர் பாவம் அந்த மனிதருக்கு.

சரியாகச் செய்தவர்களும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்காக ஜொனாதன் ஹோஃப்லர் வரைந்த டிடோ, ஏழு அளவுகளுக்குத் தனித்தனியாக வரையப்பட்டது. 1994-ல் ஐடிசி என்ற ஃபான்ட் நிறுவனம் வெளியிட்ட ஐடிசி போடோனிக்கு, வரைந்தவர்கள் பார்மாவுக்கே போய் அசலைப் பார்த்துவிட்டு 6, 12, 72 என்று மூன்று வடிவம் செய்தார்கள். இப்போது இலவசமாகக் கிடைக்கும் போடோனி மோடாவில் இது ஒரே ஃபைலுக்குள் இருக்கிறது, 6 முதல் 96 வரை அளவுக்கேற்ப மெல்லிய கோடு தானாகத் தடிக்கும். வெப்சைட்டில் சேர்க்கும்போது அளவுக்கேற்ப மாறும் அந்த வசதியையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் பழைய கதைதான்.

அச்சு வேலைக்குப் போகிறது என்றால் கூடுதல் கவனம் வேண்டும். நாலு கலர் சேர்ந்த கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக விட்ட சின்ன போடோனியை நான் கண்டிப்பாக மறுத்துவிடுவேன், மை கொஞ்சம் பரவினாலோ ஒரு கலர் இம்மி நகர்ந்தாலோ மெல்லிய கோடு அடைந்துபோகும். தங்க ஃபாயில் அடிக்கும் கார்டிலும் இதே பாடுதான், பெயரைப் பெரிதாக வைத்து, முகவரியை வேறு எளிய ஃபான்டில் போட்டுவிடுவது நல்லது. தமிழோடு சேர்க்கும்போது ஒரே வரியில் இரண்டையும் கலக்காதீர்கள். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் தமிழ் ஃபான்ட்களில் கோடு கிட்டத்தட்ட ஒரே கனம், பக்கத்தில் போடோனி நின்றால் ஒன்று தடித்தும் ஒன்று உடைந்தும் தெரியும். தமிழைத் தனி வரியில், கொஞ்சம் மெலிந்த வெயிட்டில் வைத்தால் இரண்டும் நிம்மதியாக உட்காரும்.

அப்புறம் அதன் எண்கள். 2, 3, 5 மூன்றையும் பெரிதாகப் போட்டுப் பாருங்கள், அந்த வளைவும் பொட்டும் வேறெந்த ஃபான்டிலும் எனக்கு இந்த அளவுக்குத் திருப்தி தந்ததில்லை. காலண்டர் வேலை வந்தால் தேதிகளுக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான்.