தீட்டிய அரிசிக்குள் இரும்பு

சத்து மாத்திரை எட்டாத வீட்டிலும் சோறு உண்டு என்பதால், அரிசியிலேயே இரும்புச் சத்தைக் கூட்டும் இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். நெல்லின் இரும்பு பெரும்பாலும் தவிட்டோடு போய்விட, தீட்டிய அரிசியில் கிலோவுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம்தான் மிஞ்சுகிறது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தினரும் பிற ஆய்வாளர்களும் ஐ.ஆர். 64 ரகத்தில் இரண்டு மரபணுக்களைச் சேர்த்தனர். நெல்லுக்கே உரிய ஒன்று, இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு செடிக்குள் கடத்தும் நிக்கோசியானமைன் என்ற சேர்மத்தைக் கூடுதலாக உருவாக்குகிறது. அதிலிருந்து பிறக்கும் ஓர் அமிலம் வேர்வழியே வெளியேறி, மண்ணில் கரையாமல் கிடக்கும் இரும்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. சோயாவிலிருந்து வந்த மற்றொன்று, மணிக்குள் இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதத்துக்கானது. 2016இல் வெளியான வயல் சோதனை முடிவில், தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் இரும்பும் 45.7 மில்லிகிராம் துத்தநாகமும் இருந்தன, விளைச்சலும் குறையவில்லை.