பழைய ஹோண்டா சிட்டியில் மைலேஜுக்கு முன் பார்க்க வேண்டியது

பதினைந்து வயதைத் தாண்டிய கார் ஒன்றை வைத்திருப்பவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது?" என்பதைத்தான். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏர்பேக் என்பேன்; ஆனாலும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2010ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் ஐ-விடெக் பெட்ரோல் வண்டி. மதுரை நகருக்குள் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரை ஒட்டியும், நான்கு வழிச் சாலையில் நிதானமாக ஓட்டினால் பதினைந்துக்கு மேலும் தருகிறது.

இந்த வேறுபாட்டின் பண மதிப்பைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, லிட்டருக்கு 12 என்றால் 83 லிட்டரும் 15 என்றால் 67 லிட்டரும் செலவாகும். பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதத்திற்கு 1,600 ரூபாய் மிச்சம். டயர்களில் காற்றைச் சரியாக வைப்பதும், ஏர் ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுவதும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வதும் இதில் ஒரு பகுதியை நிச்சயம் மீட்டுத் தரும். ஆனால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, பழைய வண்டிகளில் மைலேஜ் ஓரளவு குறைவதைத் தவிர்க்க முடியாது; எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இப்படிப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கூறியிருக்கிறது.

பராமரிப்பைப் பொறுத்தவரை இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆகவே பெல்ட் மாற்றும் செலவு இல்லை. சஸ்பென்ஷன் புஷ், கிளட்ச், ஏ.சி. ஆகியவைதான் வயதான காலத்தில் பணம் கேட்கும். பதினைந்து ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி.

இவையெல்லாம் பணக் கணக்கு. என்னை உண்மையாகவே கவலைப்படுத்துவது ஏர்பேக்.

இந்தத் தலைமுறை சிட்டிகள் பலவற்றில் ஜப்பானின் தகாதா நிறுவனம் செய்த இன்ஃப்ளேட்டர் பொருத்தப்பட்டிருந்தது. ஸ்டீயரிங்கின் நடுவில் உட்கார்ந்திருக்கும் சிறிய எஃகுக் குடுவை அது. அதற்குள் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் வில்லைகள், மோதலின்போது கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து வாயுவாகிப் பையை நிரப்ப வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காமல் செய்தவற்றில், ஆண்டுக்கணக்கான வெப்பமும் ஈரப்பதமும் அந்த வில்லைகளைச் சிதைத்துவிடுகின்றன. சிதைந்த வில்லை அளவுக்கு மீறிய வேகத்தில் எரிகிறது. அழுத்தம் தாங்காமல் குடுவையே வெடித்து, உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுபவரின் கழுத்தையும் முகத்தையும் நோக்கிப் பாய்கின்றன. 2014இல் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், முந்தைய தலைமுறை சிட்டி ஒன்றில் சென்ற கர்ப்பிணிப் பெண் ஒருவர் இப்படித்தான் உயிரிழந்தார். வெப்பம், ஈரப்பதம், வயது ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்றால், நம் கடலோர ஊர்களில் வெயிலில் நிற்கும் பழைய வண்டிகளைப் பற்றி நாம் அலட்சியமாக இருக்கக் கூடாது.

இந்தியாவில் ஹோண்டா 2016 ஜூலையில் சிட்டி, ஜாஸ், சிவிக், சி.ஆர்.-வி என ஏறத்தாழ 1.9 லட்சம் கார்களை இதற்காகத் திரும்ப அழைத்தது. 2017, 2018 ஜனவரிகளில் மேலும் பல ஆயிரம் கார்கள் சேர்ந்தன. அதற்கு முன்பே, 2011இல், எஞ்சினின் வால்வுப் பகுதியிலுள்ள ஒரு ஸ்பிரிங்குக்காக ஐம்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சிட்டிகள் அழைக்கப்பட்டன. இந்த மாற்று வேலைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் தகவல், நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்குத்தான் போகும். வண்டி இரண்டு மூன்று கை மாறி ஊர் விட்டு ஊர் வந்த பிறகு, இப்போது ஓட்டுபவருக்கு அந்த அழைப்பு எட்டாமலே போய்விடலாம்.

2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயத் திரும்பப் பெறும் விதிகளும் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளையே கருத்தில் கொண்டவை. வெடிக்கும் வாய்ப்பு வயதோடு கூடும் ஒரு பழுதுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

எனவே இதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள பதினேழு இலக்க சேசிஸ் எண்ணை ஹோண்டாவின் இணையதளத்தில் இட்டோ, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்தோ நிலுவையில் ஏதேனும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓட்டுநர் பக்கத்துப் பையும் பயணி பக்கத்துப் பையும் வெவ்வேறு சுற்றுகளில் அழைக்கப்பட்டிருக்கலாம் என்பதால் இரண்டையும் தனித்தனியே விசாரியுங்கள். "முன்பே மாற்றியாகிவிட்டது" என்று விற்பவர் சொன்னால், அதற்குரிய ஜாப் கார்டை, அதாவது செய்த வேலையைக் குறித்து சர்வீஸ் சென்டர் தரும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். விபத்தில் விரிந்த ஏர்பேக்கிற்குப் பதிலாகச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைப்பதைப் பொருத்தியிருந்தால் சேசிஸ் எண் தேடல் அதைக் காட்டாது. கழற்றி விற்ற காரின் இன்ஃப்ளேட்டர் எதுவென்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஏர்பேக் ஏற்கெனவே ஒருமுறை விரிந்த வண்டி என்று தெரிந்தால், பேரம் பேசுவதற்கு முன், சர்வீஸ் சென்டரில் ஸ்டீயரிங் உறையைக் கழற்றி இன்ஃப்ளேட்டரின் மேல் உள்ள எண்ணைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.