கழற்றும்போதே பூட்டுவது

நான் வேலை பழகிய கராஜ் மட்டக்களப்பின் கல்லடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் இருந்தது. அங்கே வந்த சின்னக் கார்களில் மாருதி 800தான் அதிகம். மூன்று சிலிண்டர், 796 சி.சி., சிலிண்டர்கள் உள்ள இரும்பு பிளாக்கின் மேல், அதை மூடும் அலுமினிய ஹெட். பொனட்டைத் திறந்தால் கை நுழைய இடமிருக்கும் என்பதால், வேலை பழகுபவர்களிடம் முதலில் அந்த எஞ்சினைத்தான் கொடுப்பார்கள்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவரை எல்லோரும் பாஸ் என்றே அழைப்போம். "கழட்டக்குள்ளயே பூட்டுற வழியப் பாத்து வெச்சுக்கோ மகன்" என்று அவர் நாளுக்கு ஒரு தடவையாவது சொல்வார். பிளக் வயர்களுக்கு இலக்கமிட்ட கடதாசி கட்டுவதும், பெல்ட்டைக் கழற்றுமுன் முதலாம் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து டைமிங் குறிகளை நேர்ப்படுத்துவதும் அந்தப் பழக்கத்தின் பாகங்களே. ஹெட் போல்ட்களுக்கு அவர் வைத்திருந்த வழி எனக்கு இன்றும் பிடிக்கும்: பழைய காட்போட் மட்டையில் ஹெட்டின் உருவை வரைந்து, போல்ட் இருக்கும் இடங்களில் துளையிட்டு, கழற்றிய போல்ட்டை அதே துளையில் குத்தி நிறுத்துவார். எது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழாது.

எங்கள் ஊரில் கழற்றுவதே பெரும்பாடு. உப்புக் காற்றும், ரேடியேட்டருக்குள் பலர் ஊற்றும் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்து, அலுமினியத்துக்குள் முறுக்கப்பட்ட இரும்பு போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடியை விளைவித்துவிடும். ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் இந்த இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு விரைவாக நடக்கும். அரிபடுவது அலுமினியம், இறுகிப்போவது போல்ட். தெர்மோஸ்டாட் மூடியில் உள்ள சிறிய போல்ட்களை ஒரே மூச்சில் கழற்ற முயன்று தலையை முறித்தவர்கள் பலர். முதல் நாள் மாலையே எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரளவு அசைத்து, பிறகு கழற்றும் பக்கமாகக் கொஞ்சம், மீண்டும் இறுக்கும் பக்கமாகக் கொஞ்சம் என்று முன்னும் பின்னும் ஆட்டியே அதை வெளியில் எடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு இந்த வேலை ஒத்துவராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் தவறியதோ கழற்றுவதிலும் அல்ல, பூட்டுவதிலும் அல்ல, இரண்டுக்கும் இடையில். களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த ஓர் ஆசிரியரின் காருக்கு, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டை மாற்ற வேண்டியிருந்தது. பாஸ் வேறு வேலையாகப் போயிருந்ததால் அதை என்னிடம் விட்டுச் சென்றார். எஞ்சின் நன்றாக ஆறியபின், வெளியோர போல்ட்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினேன். ஹெட்டின் முகம் வளைந்திருக்கிறதா என்றறிய அதில் நேர்விளிம்பு வைத்து, 0.05 மி.மீ. தடிப்புள்ள ஃபீலர் இலை என்ற மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்த்தேன். புதிய கேஸ்கட் வைத்து, இம்முறை நடுவிலிருந்து வெளியோரம் நோக்கி மூன்று கட்டமாக, குறித்த வலுவை எட்டியதும் ஒலிக்கும் டோர்க் ரென்ச்சால் இறுக்கினேன். ரென்ச் ஒவ்வொரு போல்ட்டிலும் 'டக்' என்றது. வேலை சரி என்றே நினைத்தேன்.

இரண்டு கிழமையில் அந்தக் கார் ஆரையம்பதியில் கொதித்து நின்றது. திறந்து பார்த்தபோது இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கட் எரிந்திருந்தது. பாஸ் ஒரு கம்பியில் துணி சுற்றி போல்ட் துளை ஒன்றுக்குள் விட்டு எடுத்தார்; துணி நனைந்து வந்தது. ஹெட்டைத் தூக்கியபோது வழிந்த தண்ணீர் அடி மூடிய அந்தத் துளைகளில் தேங்கியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. தண்ணீர் நசுங்காது. போல்ட்டின் நுனி அதில் முட்டியதும் திரும்ப மறுத்திருக்கிறது. டோர்க் ரென்ச் அளப்பது போல்ட் திரும்ப மறுக்கும் வலுவைத்தான். ஹெட் எவ்வளவு இறுகி அமர்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பிளாக் வெடிக்காமல் தப்பியது எங்கள் நல்ல காலம்.

பாஸ் என்னை ஏசவில்லை. ஒருமுறை நசுங்கிய கேஸ்கட்டை மறுபடி வைக்க முடியாது என்பதால் தம் காசில் புதிது வாங்கினார், கூலியும் எடுக்கவில்லை. அந்த ஆசிரியர் இரண்டு நாள் பேருந்தில் பள்ளிக்குப் போனார் என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது. அவருடைய பயணத்தை நான் என் கையில் வைத்திருந்தேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்போது நான் தனியாக வேலை செய்கிறேன், என்னிடமும் ஒரு தம்பி பழகுகிறான். கேஸ்கட்டை வைக்குமுன் துளைகளை எல்லாம் துணியால் ஒற்றி, காற்றடித்து உலர்த்தி, ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பானர் இல்லாமல் விரலால் மட்டும் அடிவரை திருகிப் பார்க்கச் சொல்கிறேன். பாதியில் நின்றால் வெளியில் எடுத்து, அந்தத் துளையை மறுபடி துடைக்க வேண்டும். அதற்கு அரை மணித்தியாலம் ஆகும். வெளியே காத்திருப்பவர் இரண்டு தடவை எட்டிப் பார்ப்பார். நான் அவருக்குக் கதிரை ஒன்றை எடுத்துப் போடுவேன்.