சைக்கிள் சுவரும் பூக்கடை விரல்களும்

மூன்று வாரமாக வரைய உட்கார்ந்தால் ஒரு கோடுகூட வரவில்லை. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று பினாங்கு ஆர்மேனியன் தெருவுக்குப் போனேன். 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் சுவரில் வரைந்த சைக்கிள் குழந்தைகள் முன்னால் செல்ஃபி கூட்டம், அலுப்புதான் வந்தது. ஆனால் ஒன்று, குழந்தைகள்தான் பெயிண்ட், சைக்கிள் நிஜம், பழைய சுவரையே படத்தில் பாதியாக்கிவிட்டார் மனுஷன். அதை யோசித்துக்கொண்டே குவீன் தெரு மாரியம்மன் கோவில் பக்கம் நடந்தால், பூக்கடை அக்கா தலை நிமிராமலே, "மழை வருது தம்பி, உள்ள வந்து நில்லு" என்கிறார், தொடுக்கும் கை மட்டும் நிற்கவே இல்லை. அங்கேயே நின்று தே தாரிக் (மலேசியப் பால் தேநீர்) ஆறும்வரை அந்த விரல்களை வரைந்தேன். பெருவிரல் இன்னும் சரியாக வரவில்லை, நாளைக்கு மறுபடி போகணும்.