நாற்பத்தைந்து வயதுப் பிரிவில் 800 மீட்டர்: சென்னை ஆசியப் போட்டியில் ஓடிய அனுபவம்

2025 நவம்பர் 5 முதல் 9 வரை சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆசிய மூத்தோர் தடகளப் போட்டி நடந்தது. பெண்கள் 45 வயதுப் பிரிவில் 800 மீட்டர் ஓடினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். துப்பாக்கி வெடிப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அடுத்து ஓடப்போகும் பெண்களுக்காக அதைத்தான் முக்கியமாக எழுத நினைக்கிறேன்.

சேருவது பெரிய சிக்கல் இல்லை. முப்பத்தைந்து வயது நிறைந்திருந்தால் போதும், அதற்கு மேல் ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள். போட்டியின் முதல் நாளில் உங்களுக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று ஓடி வந்து, பாஸ்போர்ட் நகலோடு பெயர் கொடுக்க வேண்டும். செலவு நம்முடையது.

இனி கால் ரூம் (call room). ஓடுவதற்கு முன் எல்லோரையும் கூட்டி உட்காரவைக்கும் இடம். குறித்த நேரத்துக்குள் அங்கே பெயர் சொல்லாவிட்டால், எத்தனை வருஷம் பயிற்சி எடுத்திருந்தாலும் ஓட முடியாது. நம்பர் சரியாகக் குத்தியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) போட்டிருந்தால் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. போன், இயர்போன் உள்ளே கிடையாது. பிறகு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வார்ம்-அப்பில் சூடேறிய தொடை அங்கே மெல்ல மெல்ல ஆறும். நவம்பர் என்றாலும் சென்னையின் புழுக்கத்துக்குக் குறைவில்லை; வியர்வை மட்டும் நிற்காது. இடம் கிடைத்தால் எழுந்து நடங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள், முழங்காலைத் தூக்கிப் போடுங்கள். மற்றவர்களின் காலைப் பார்த்து எடை போடாதீர்கள். அந்த வேலையில் நெஞ்சு படபடப்பதுதான் மிச்சம்.

பக்கத்தில் இலங்கை ஜெர்சியில் ஒரு அக்கா இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதல் ரவுண்டிலயே விழுந்தடிச்சு ஓடாதேங்கோ, தங்கச்சி" என்றார். எதிர்த்து ஓடப்போகிறவர் சொன்ன வார்த்தை அது. இந்த வயதுப் பிரிவுகளில் நான் மிகவும் நேசிப்பது இதைத்தான்.

அந்த அறையில் எனக்கு 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ்தான் ஞாபகத்தில் இருந்தது. பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் வைத்தது அங்கேதான். ஜெர்மனியின் லினா ராட்கே 2:16.8இல் உலக சாதனையோடு தங்கம் வென்றார். ஜப்பானின் ஹிட்டோமி கினுயே வெள்ளி. ஓடி முடித்த களைப்பில் சிலர் தரையில் படுத்ததை வைத்து, பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. 1960 ரோம் வரை ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு இந்த ஓட்டமே இல்லை. முப்பத்திரண்டு வருஷம்! "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். இதே சென்னையில் 1995இல் இந்திய வீராங்கனை ஷைனி வில்சன் 800 மீட்டரை 1:59.85இல் ஓடினார் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

ஓட்டத்துக்கு வருகிறேன். 800 மீட்டரில் "ஆன் யுவர் மார்க்ஸ்" என்பதற்குப் பிறகு "செட்" கிடையாது, நேரே துப்பாக்கிதான். முதல் வளைவு வரை அவரவர் லேன். வளைவு முடியும் இடத்தில் கோட்டைத் தாண்டியதும் உள்ளே வரலாம். எல்லோரும் அங்கேயே சட்டென்று உள்பக்கம் பாய்வார்கள், நெரிசல் ஆகும். எதிர்ப்பக்க நேர்பகுதி முடியும் இடத்தைக் கண்ணில் வைத்துச் சாய்வாகப் போனால் தூரமும் வீணாகாது, யார் காலும் இடறாது. வளைவில் யாரையும் முந்த வேண்டாம். லேனின் அகலம் 1.22 மீட்டர், ஒரு லேன் வெளியே தள்ளி ஒரு வளைவு முழுக்க ஓடினால் ஏறக்குறைய 3.8 மீட்டர் கூடுதல்.

முதல் ரவுண்டு 84 விநாடி என்று நினைத்திருந்தேன், 83இல் கடைசி ரவுண்டுக்கான மணி அடித்தது. ஐந்நூறு மீட்டர் வரை சுகம். அதன் பிறகு தொடையில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் கனத்தது. அந்த நேரத்தில் காலை நினைக்காதீர்கள், கையை வீசுங்கள். கை போனால் கால் வரும். கடைசி நேர்பகுதியில் ஒருவரை முந்தினேன். 2:51, நான்காவது இடம். யாழ்ப்பாணத்து அக்கா எனக்கு முன்னால் மூன்றாவதாக முடித்திருந்தார். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். பதக்கம் இல்லையே என்ற வருத்தம் அன்று முழுக்க இருந்தது. மறைப்பதற்கில்லை.

1500 மீட்டருக்கும் பெயர் கொடுத்திருந்தேன். அதில் லேன் கிடையாது. வளைந்த கோட்டிலிருந்து எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி மூன்றே முக்கால் ரவுண்டு. கிளம்பிய நொடியே உள்பக்கம் நெருக்குவார்கள், முழங்கை படும். அதைத் தனியாக எழுதுகிறேன்.