கச்சேரியில கையை ஆட்டுறவங்களை கொஞ்சம் விடுங்கப்பா

பாடகர் கையை ரொம்ப ஆட்டுறாரு, வயலின்காரர் தலையை சிலுப்புற சிலுப்புல குடுமி இருந்தா அவுந்துடும், இப்படி குறை சொல்றதுக்குன்னே எல்லா ஊர் சபாலயும் ஒரு கூட்டம் உண்டு. சேலத்துல அந்த கூட்டத்துக்கு நிரந்தர தலைவர் எங்க சித்தப்பா. நவராத்திரி கச்சேரின்னா முன்னாடி வரிசைல இடம் புடிச்சு, புடிச்ச கையோட கண்ணை மூடிக்குவாரு. "சங்கீதம் காதுக்குடா, கண்ணுக்கு ஏதாச்சும் வேணும்னா சினிமாவுக்கு போ"ம்பாரு. கண்ணை மூடறவருக்கு முன்வரிசை எதுக்கு சித்தப்பான்னு இதுவரைக்கும் கேக்கல, தைரியம் வரல.

ஆனா விஷயம் அவ்ளோ சிம்பிள் கிடையாதுங்க. காலேஜ்ல சைக்காலஜி படிச்ச பழக்கம், இப்ப பாக்குற வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னாலும், இந்த மாதிரி பேப்பர் கிடைச்சா ராத்திரி உக்காந்து படிச்சிடுவேன். 2013ல சியா-ஜங் ட்சேன்னு ஒருத்தங்க, அவங்களே பியானோ வாசிக்கிறவங்க, பெரிய பெரிய இசைப் போட்டிகளோட இறுதி சுற்று பதிவுகளை எடுத்து, மூணு பேருல யாரு ஜெயிச்சிருப்பாங்கன்னு ஆட்களை கேட்டாங்க. சில பேருக்கு ஆடியோ மட்டும், சில பேருக்கு சத்தமே இல்லாத வீடியோ மட்டும், சில பேருக்கு ரெண்டும். சத்தமில்லாத வீடியோ பாத்தவங்கதான் ஜெயிச்சவங்களை நல்லா கண்டுபுடிச்சாங்க. இதுல இசை தெரியாதவங்கள விடுங்க, தொழில்முறை கலைஞர்களுக்கும் அதே கதைதான், அதுவும் "சத்தம்தான் முக்கியம்"னு முன்னாடியே சொன்னவங்க.

இதை சித்தப்பாகிட்ட சொன்னதுக்கு, "அப்ப ஜட்ஜுங்க எல்லாம் செவிடுங்கன்னு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி"ன்னாரு. அவரு சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கு. 2018ல மெர், ஸ்கேனல், வின்னர் மூணு பேரும் இதே சோதனையை திரும்ப செஞ்சப்போ அதே வீடியோக்களுக்கு அதே முடிவு வந்துச்சு, ஆனா வேற வாசிப்புகளை வச்சு பாத்தப்போ அந்த அளவுக்கு நிக்கல. அதனால கண்ணு எப்பவுமே காதை ஜெயிக்கும்னு நான் சொல்ல வரல. போட்டியாளருங்க மூணு பேரும் கிட்டத்தட்ட ஒரே தரத்துல வாசிக்கிறப்போ காதுக்கு பிரிச்சு சொல்ல முடியாதத உடம்பு காட்டிக்குடுக்குதுன்னு வேணா எடுத்துக்கலாம்.

எனக்கு இதைவிட புடிச்சது மரிம்பா ஆராய்ச்சி. மரக்கட்டைங்களை வரிசையா அடுக்கி குச்சியால தட்டுற வாத்தியம், தட்டின உடனே சத்தம் தேய ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் வாசிக்கிறவர் கையில ஒன்னும் இல்ல. இருந்தும் அந்த வாத்தியக்காரங்க கையை நீளமா வீசினா சுரம் நீளும், வெடுக்குன்னு எடுத்தா சுருங்கும்னு நம்பிட்டு இருக்காங்க, இன்னொரு பக்கம் அதெல்லாம் சும்மான்னு சொல்றவங்களும் இருக்காங்க. 2007ல மைக்கேல் ஷூட்ஸும் ஸ்காட் லிப்ஸ்காம்பும், மைக்கேல் பர்ரிட்ங்கிற பேர்பெற்ற கலைஞரையே ரெண்டு விதமாவும் வாசிக்க வச்சு பதிவு பண்ணாங்க. ஆடியோ மட்டும் கேட்டவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. வீடியோவோட கேட்டவங்களுக்கு நீள வீச்சு சுரம் நிஜமாவே நீளமா கேட்டுச்சு. இத்தனைக்கும் "பாக்குறத கணக்குல எடுக்காதீங்க, சத்தத்தை மட்டும் வச்சு சொல்லுங்க"ன்னு முன்னாடியே சொல்லியாச்சு. அப்போ அந்த கை வீச்சு சும்மாவா? காத்துல ஒரு மாத்தமும் இல்ல, கேக்குறவன் மண்டைக்குள்ள இருக்கு. கச்சேரி கடைசில போய் சேர வேண்டிய இடமும் அதானே.

இது எனக்கு நல்லா உறைச்சது பண்டிகைலதான். ஆடி மாசம் சேலம் எப்படி இருக்கும்னு இந்த ஊர்க்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல, கோட்டை மாரியம்மன்ல ஆரம்பிச்சு குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைன்னு ஊரே மாரியம்மன் பண்டிகைதான். குகை வண்டி வேடிக்கை (சாமி வேஷம் போட்டவங்க அலங்கார வண்டில வர்ற ஊர்வலம்) கூட்டத்துல ஒரு தடவை நல்லா பின்னாடி மாட்டிக்கிட்டேன், பம்பை சத்தம் மட்டும் சுவத்துல சுவத்துல பட்டு எதிரொலிச்சு வந்துச்சு, தலைவலிதான் மிச்சம். அப்புறம் ஒரு கடை படில ஏறி நின்னு அந்த பம்பைக்காரரை பாத்தேன். இடுப்புல ரெண்டு உருளையையும் ஒன்னு மேல ஒன்னா கட்டிட்டு, பெரிய அடி வர்றதுக்கு சரியா முன்னாடி முழங்காலை லேசா மடிச்சு உடம்பை கீழ விடறாரு, குச்சி தோள் உயரத்துக்கு போய் அங்க ஒரு கண் சிமிட்டுற நேரம் நிக்குது, அப்புறம்தான் விழுது. பக்கத்துல உடுக்கைக்காரர் அதே நேரத்துல கயித்தை அமுக்கி சத்தத்தை இழுக்குறாரு. அதுவரைக்கும் ஒரே இரைச்சலா இருந்தது அந்த ஆளு முழங்காலை பாத்ததும் அடி அடியா பிரிஞ்சு கேக்க ஆரம்பிச்சிருச்சு. உடுக்கை கயித்தை அமுக்குனா சத்தமே மாறும், அது வாசிப்பு. பம்பைக்காரர் முழங்கால் எந்த சத்தத்தையும் போடல. ஆனா எங்க கவனிக்கணும்னு எனக்கு முன்கூட்டியே சொன்னது அந்த முழங்கால்தான்.

அதே கூட்டத்துல இடுப்புல குழந்தைய வச்சுகிட்டு பம்பைக்கு குதிச்சுட்டு இருந்த அம்மாங்கள பாத்தப்போ இன்னொன்னு ஞாபகம் வந்துச்சு. 2005ல ஜெசிகா பிலிப்ஸ்-சில்வர், லாரல் ட்ரெய்னர் ரெண்டு பேரும் ஏழு மாச குழந்தைங்களுக்கு எந்த அடிலயும் அழுத்தம் குடுக்காத ஒரு தாளத்தை போட்டு, பாதி குழந்தைங்கள ரெண்டு அடிக்கு ஒரு தடவையும் மீதிய மூணு அடிக்கு ஒரு தடவையும் குதிக்க வச்சாங்க, ரெண்டே நிமிஷம். பின்னாடி அழுத்தம் சேத்து கேக்க விட்டப்போ, அதுங்க உடம்பு எந்த கணக்குல ஆடுச்சோ அந்த கணக்கைத்தான் அதிக நேரம் கேட்டுச்சுங்க. கண்ணை கட்டிவிட்டாலும் அப்படித்தான். ஆனா வேற ஒருத்தர் குதிக்கிறத வெறும்ன பாத்த குழந்தைங்களுக்கு ஒன்னும் ஆகல. ஒரே சத்தம்தான், அது ரெண்டா மூணான்னு முடிவு பண்ணது உடம்பு. பெரியவங்களுக்கும் கிட்டத்தட்ட இதேதான், அசையாம படுத்துட்டு தாளம் கேட்டா கூட மூளைல அசைவுக்கான பகுதிங்க வேலை செய்யுதுன்னு ஜெசிகா கிரானும் மேத்யூ பிரெட்டும் 2007ல ஸ்கேன் எடுத்து காட்டிருக்காங்க.

இதுல எனக்கு ஒரு வருத்தம், பாதிக்கு மேல பியானோ, வயலின், கிளாரினெட்னே போகுது. நம்ம பக்கம் வந்தவங்க கம்மி. மார்ட்டின் கிளேட்டன் இந்துஸ்தானி கச்சேரி வீடியோக்களை வச்சு, தம்பூரா மீட்டுறவங்க வேணும்னு செய்யாமலே ஒருத்தரோட ஒருத்தர் கை சேந்துக்குறாங்கன்னு எழுதிருக்காரு. மேத்யூ ரஹைம் 2012ல இந்துஸ்தானி பாடகர்களோட கை அசைவ பத்தி ஒரு புத்தகமே போட்டாரு, குருகிட்ட இருந்து சிஷ்யருக்கு ராகம் போற மாதிரி கையும் போகுதுன்னு. இது கர்நாடக சங்கீதத்துக்கும் அப்படியே பொருந்தும்னு நெனைக்கிறேன். எங்க தெருவுல பாட்டு கத்துக்குற பொண்ணுங்க மேல் ஸ்தாயிக்கு போறப்போ எல்லாரும் ஒரே மாதிரி இடது கையை மலத்தி கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளுவாங்க, டீச்சரும் அதையேதான் செய்வாங்க, யாரும் சொல்லிக்குடுத்த மாதிரி தெரியல. பம்பைக்காரங்க முழங்கால அளந்து யாராச்சும் ஒரு பேப்பர் எழுதுனா நல்லாருக்கும், குகைல இடம் நான் புடிச்சு தர்றேன்.

சித்தப்பாவ மடக்குறதுக்கு கடைசில ஆராய்ச்சி எதுவும் தேவைப்படல. கண்ணை மூடிட்டு கேக்குறாருன்னு சொன்னேன்ல, அப்பவும் தொடைல ஆதி தாளம் ஓடிட்டேதான் இருக்கும். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டி வீசி தட்டி வீசி. "காதுக்குன்னா கை எதுக்கு சித்தப்பா ஆடுது"ன்னேன். "தாளம் போடாம பாட்டு எப்படிடா கேக்கும்"னு கோவமா கேட்டுட்டு, தான் என்ன சொன்னோம்னு அவருக்கே புரிஞ்சு, காபி குடிக்க எந்திரிச்சு போயிட்டாரு.

ஒன்னு மட்டும் சொல்லிடறேன். கச்சேரில பக்கத்து சீட்டுக்காரர் தாளத்தை அரை இடம் தள்ளிப் போட்டா எனக்கு மிருதங்கமே தப்பா கேக்குது. ஏழு மாச குழந்தைக்கு பாத்தா மட்டும் ஒன்னும் ஆகாது, சரி, ஆனா என் கை அவரு கையோடவே போயிடுதே, நான் என்ன பண்ண? அதனால தப்பா போடறவங்க தயவுசெஞ்சு கையை துண்டுக்குள்ள வச்சு போடுங்க.